எட்டே முக்கால் அங்குலச் சாண்

வேட் ஹால்வர்சனின் கையை அளந்தது நான்தான். வேறு யாராவது அளந்திருந்தால் பழியை அவன் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அந்தக் கொடுப்பினை எனக்கு இல்லை.

மார்ச் மாதம், தெற்கு டகோட்டாவில் ஒரு சின்னக் கல்லூரி. வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. உள்ளே உடற்பயிற்சிக் கூடத்தில் பதினோரு அணிகளின் ஸ்கௌட்டுகள் பென்சிலும் கையுமாக நின்றிருந்தோம். ஊர் ஊராக அலைந்து, கல்லூரிப் பையன்களில் எவன் தொழில்முறை ஃபுட்பாலுக்குத் தேறுவான் என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. பதினோரு பேரும் தனித்தனியாக அளந்தால் பொழுது சாய்ந்துவிடும். அதனால் ஒருவர் அளந்து சத்தமாகச் சொல்வார், மற்றவர்கள் எழுதிக்கொள்வார்கள். "லோர்னா அளக்கட்டும், அவ பெத்த தாய்க்கே ஒரு நூல் கூட்டிச் சொல்ல மாட்டா" என்றார்கள். எனக்கு அதில் பெருமை வேறு.

மேசைமேல் அங்குலக் கோடு போட்ட பலகை. வேட் தன் வலது கையை விரித்து வைத்தான். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை, ஒரு சாண். படிவத்தில் அதற்கு இருப்பது ஒரே கட்டம், வலது கைக்கு மட்டும். நான் குனிந்து பார்த்தேன். எட்டே முக்கால். சத்தமாகச் சொன்னேன். பதினோரு பென்சில்களும் கீறின. இரண்டு பேர் அப்போதே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

பையன் டைட் எண்ட். களத்தில் அந்த இடத்தில் ஆடுகிறவனைப்போலக் கஷ்டப்படுகிறவன் கிடையாது. பாதி நேரம் எதிராளியை மாடு மாதிரி முட்டித் தள்ள வேண்டும், மீதி நேரம் மான் மாதிரி ஓடிப் போய்ப் பந்தைப் பிடிக்க வேண்டும். முட்டத் தெரிந்தவனுக்குப் பிடிக்க வராது, பிடிக்கத் தெரிந்தவன் முட்டக் கூச்சப்படுவான். இரண்டும் வருகிறவன் பத்து வருஷத்துக்கு ஒருவன் கிடைத்தால் அதிகம். வேட் அப்படிப்பட்டவன். கை மட்டும் எட்டே முக்கால்.

எல்லாரும் போனபிறகுதான் அந்தச் சுண்டுவிரலை ஒழுங்காகப் பார்த்தேன். இரண்டாவது கணுவில் உள்பக்கமாக மடங்கி, கொக்கி மாதிரி நின்றது.

"இது என்னப்பா?"

"பதினாலு வயசுல மாட்டுக் கொட்டகை கேட்ல மாட்டிக்கிச்சு மேடம். அப்பறம் நிமிரவே இல்லை."

"அந்தக் கையை நீட்டு." இடது கையை வைத்தான். பத்து அங்குலம். அதை எழுத ஒரு பென்சிலும் இல்லை, படிவத்தில் கட்டமும் இல்லை. என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

அன்று மதியம் அவனோடு பொரித்த ஆட்டுக்கறித் துண்டுகளைத் தின்றுகொண்டிருந்தபோது இன்னொரு குண்டையும் போட்டான். "சனிக்கிழமை கடைசிச் சுத்துக்குள்ள என் பேரைக் கூப்பிட்டா போறேன். இல்லன்னா மாடுங்களைப் பாத்துக்கறேன்னு அப்பாவுக்கு வாக்கு குடுத்திருக்கேன் மேடம். அவருக்கு இடுப்பு போயிடுச்சு."

அணிகள் முறை வைத்து ஏழு சுற்றில் கல்லூரிப் பையன்களைப் பெயர் சொல்லி எடுப்பதற்குத்தான் டிராஃப்ட் என்று பெயர். அது முடிந்தபிறகு, பெயர் வராத பையன்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்வது எல்லா அணியும் செய்வதுதான். இவன் விஷயத்தில் அதற்கும் வழியில்லை. டகோட்டாக்காரன் வாக்குக் கொடுத்தால் மலையே சரிந்தாலும் மாற மாட்டான். ஏழு சுற்றுக்குள் பெயர் வர வேண்டும், வராவிட்டால் அவ்வளவுதான்.

டொலீடோவில் எங்கள் அணியின் டிராஃப்ட் அறையில் ஒரு சுவர் முழுக்கப் பையன்களின் பெயர் அட்டைகள். எட்டு ஸ்கௌட்டுகளுக்கும் வருஷத்துக்கு ஆளுக்கு ஒரே ஒரு சிவப்புப் பொட்டு, காந்தத்தில் செய்தது. 'இவனுக்கு நான் பொறுப்பு' என்று நினைக்கிற ஒரே ஒருவனின் அட்டையில் ஒட்டலாம். கறுப்புப் பொட்டு என்பது வேறு. உயரம், எடை, கை என்று ஏதாவது அளவில் குறைந்தவனுக்கு அது தானாக விழும். கறுப்பு விழுந்தவனை எடுக்க இரண்டு சிவப்பு வேண்டும். தன்னிடம் இருப்பதே ஒன்று என்கிறபோது எந்தப் பைத்தியக்காரன் அடுத்தவன் ஆளுக்கு அதைத் தருவான்? ஒன்பது வருஷத்தில் ஓர் அட்டையிலும் இரண்டு சிவப்பு சேர்ந்து நான் பார்த்ததில்லை.

டைட் எண்டுக்குச் சாண் ஒன்பதேகால் அங்குலத்துக்குக் குறைந்தால் கறுப்பு. அந்த விதிக்கு அறையில் 'லோர்னா சட்டம்' என்று பெயர். ஆறு வருஷத்துக்கு முன் சின்னக் கை பையன் ஒருவனுக்கு என் சிவப்பை ஒட்டி எடுக்க வைத்தேன். ஜனவரிக் குளிரில், ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில், கடைசிப் பந்தைத் தவறவிட்டான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா? தலைமை மேலாளர் எமரி பிளெட்சோ மறுநாளே அந்த விதியைப் போட்டார். இப்போது அதே நான், அதே மாதிரி சின்னக் கை பையனைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறேன். வேட் அட்டையில் என் சிவப்பை ஒட்டியபோது அறையில் சிரிக்காத ஆள் இல்லை.

அதிகம் சிரித்தது ரூபன் ஆர்மெண்டா. மேற்குப் பகுதி அவனுடையது, ஃப்ரெஸ்னோக்காரன், என்னைவிடப் பத்து வயது சின்னவன். அவன் சிவப்பு, கலிஃபோர்னியாவின் ஜலானி ப்ரூவர் என்ற இன்னொரு டைட் எண்டுக்கு.

"தாயே, உன் பையன் கையில கிண்ணம் பிடிச்சாவே கீழ விழும்போல. பந்தை எப்படிப் பிடிப்பான்?"

"உன் பையன் முட்டறதைப் பாத்தேன்டா. எதிராளியைக் கட்டிப் பிடிச்சு நலம் விசாரிக்கறான்."

"ஓட்டத்தைப் பாரு, ஓட்டத்தை."

"ஓடறதுக்கு குதிரை வாங்கிக்கலாம். தீவனம் மட்டும் போட்டா போதும்."

வெள்ளிக்கிழமை மூன்று சுற்று முடிந்தது. இரண்டு பேருடைய பெயரும் வரவில்லை. சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு நான்காம் சுற்று தொடங்கியது. எங்களுக்கு நான்காம் சுற்றில் ஒரு முறை, ஆறாம் சுற்றில் ஒரு முறை, அவ்வளவுதான் மிச்சம். எங்கள் முறைக்கு இன்னும் ஆறு அணிகள் இருந்தபோது பிளெட்சோ கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் அலபாமாக்காரர், குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"டைட் எண்ட் எடுக்கப்போறேன். லோர்னா, ரூபன், சட்டை மாத்திக்குங்க."

சட்டை மாற்றுவது என்பது பிளெட்சோவின் கண்டுபிடிப்பு. இரண்டு ஸ்கௌட்டுகள் மோதிக்கொண்டால் அவரவர் ஆளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். எதிரியின் ஆளை நீ எடுத்துச் சொல்லு என்பார், இரண்டு நிமிஷம், உன் சொந்தப் பிள்ளையைச் சொல்வதுபோல.

"வேட்டுக்கு ஒரு சிவப்புதான் இருக்கு எமரி, கறுப்பும் இருக்கு. அவனைப் பேசி என்ன ஆகப்போகுது?" என்றான் ரூபன்.

"பேசுங்க. பேசினதைக் கேட்டு யாருக்காவது மனசு மாறினா இன்னொண்ணு வரட்டும். லோர்னா, நீ மொதல்ல."

எழுந்து நின்றேன். ஜலானியை மட்டமாகப் பேசினால் வேட்டுக்கு ஒரு வாசல் திறக்கலாம். ஆனால் நான் அந்தப் பையனின் பதினான்கு ஆட்டத்தையும் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து பார்த்தவள். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன், சத்தியமாக. கண்டுபிடித்தது வேறு.

"எல்லாரும் ஜலானி பந்தோட ஓடறதைப் பாத்திருப்பீங்க. நான் பந்தில்லாம ஓடினதைச் சொல்றேன்" என்றேன். "அக்டோபர்ல ஒரு ஆட்டம். முப்பது புள்ளி பின்னாடி இருக்காங்க, பாதி ஜனம் வீட்டுக்குப் போயாச்சு. இவன் கூட ஆடற எவனோ பந்தைத் தவறவிட, எதிராளி அள்ளிக்கிட்டு ஓடறான். பத்துப் பேர் நின்னு வேடிக்கை பாக்கறாங்க. இவன் மைதானத்தோட இந்தக் கோடியில இருந்து அறுபது கஜம் துரத்திப் போயி, கோட்டுக்கு ரெண்டு கஜம் முன்னாடி சாய்ச்சான். அதுக்கு அவனுக்கு யாரும் கை தட்டலை."

ரூபன் என்னைப் பார்த்தான். அவனுக்கே அது தெரியாது என்று முகம் சொன்னது.

"முட்டத் தெரியாதுன்னு நானே கிண்டல் பண்ணேன். மொத அஞ்சு ஆட்டம் அது நெசம்தான். இடுப்பை வளைச்சு முட்டுவான், தள்ளுப்பட்டுப் போவான். ஆறாவது ஆட்டத்துல இருந்து முழங்காலை மடக்கி எறங்கறான். பத்தாவது ஆட்டத்துல ஒரு பெரிய தடியனை மூணு தடவை மல்லாக்கப் போட்டான். ஒரே பருவத்துல கத்துக்கிட்டிருக்கான். கத்துக்கறவனை விடக் கூடாது."

உட்கார்ந்தேன். டைட் எண்டுகளுக்குப் பயிற்சி தரும் வெண்டல் எதையோ வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்குத்தான் எழுதி வைத்திருக்கிறது.

ரூபன் எழுந்தான். "வேட் ஹால்வர்சன். நல்ல பையன். மாடு மேய்ப்பான். முட்டறதை மாட்டுக்கிட்டேயே கத்துக்கிட்டான்னு நெனைக்கிறேன்." சிலர் சிரித்தார்கள். "கையும் இருக்கு, கொஞ்சம்." அதோடு உட்கார்ந்துவிட்டான்.

பிளெட்சோ சிரிக்கவில்லை. "எத்தனை ஆட்டம் பாத்த?"

ரூபன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். "மூணு. கறுப்பு விழுந்துடுச்சு, இனிமே பாத்து என்னன்னு..."

"அவ உன் பையனைப் பதினாலும் பாத்திருக்கா."

ரூபனின் காது சிவந்தது. எங்கள் முறை வந்தது, பிளெட்சோ ஜலானிதான் என்றார். போகிற போக்கில் என்னிடம், "நீதான் லோர்னா இவனை எனக்கு வித்தது" என்றார். பாராட்டுத்தான். எனக்கு அழுகை வந்தது.

பெயர் போவதற்கு முன் ஜலானிக்கு ரூபன்தான் போன் போட்டான். அந்தப் பக்கம் ஒரு வீடே அலறியது. பையன் விக்கி விக்கி அழுதது ஒலிபெருக்கியில் கேட்டது. அறையில் எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். சந்தோஷம் பொய்யில்லை. ஒரு பையனின் பெயர் கூப்பிடப்படும் சத்தம் கேட்டால் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு மயிர்க்கூச்செறியும். அதே நேரம் டகோட்டாவில் ஒருவன் மாட்டுக் கொட்டகையில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பான் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

நான்காம் சுற்று முடிந்து ஐந்தாம் சுற்று ஓடியது. தட்டில் தொத்திறைச்சியும் ஊறுகாய் வெள்ளரியும் வைத்துக்கொண்டு ஒரு வாய் தின்ன முடியாமல் உட்கார்ந்திருந்தேன். ரூபனைக் காணோம். தன் ஆள் கரையேறிவிட்டான், எங்கேயாவது பீர் குடித்துக்கொண்டிருப்பான் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். காப்பி எடுக்கப் போகும்போது ஆட்டம் பார்க்கும் சின்ன அறையில் விளக்கு எரிந்தது. எட்டிப் பார்த்தால் ரூபன் உட்கார்ந்திருக்கிறான். திரையில் வேட்.

"இப்ப எதுக்குடா இது? செத்தவன் வாயில பால் ஊத்தவா?"

"வாயை மூடிக்கிட்டு உக்காரு" என்றான், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "பதினோராவது ஆட்டம் ஓடுது. முட்டறதை ஓட்டி விட்டுட்டேன், பந்து அவன்கிட்ட வர்றதை மட்டும் பாக்கறேன்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"அத்தனை பேர் முன்னாடி மானம் போச்சு லோர்னா. அதைவிடு. நீ என் பையனைப் பத்திப் பேசினியே, எனக்கே தெரியாததை. நான் உன் பையனைப் பத்தி மாடு மேய்ப்பான்னு சொல்லிட்டு உக்காந்தேன். சோறு எறங்கலை." பக்கத்தில் ஒரு தாளில் வரிசையாகக் கோடு போட்டிருந்தான். "இதுவரைக்கும் கைக்கு எட்டற மாதிரி வந்த பந்து அம்பத்தெட்டு. எத்தனை விட்டிருக்கான் சொல்லு."

"ரெண்டு. எனக்கு மனப்பாடம்."

"எந்தக் கையில?"

வேட்டின் எல்லா ஆட்டமும் பார்த்தவள் நான், அதை மட்டும் பார்க்கவில்லை.

ரூபன் படத்தைப் பின்னால் ஓட்டினான். முதல் பந்து இடது பக்கம் வந்தது, விரல் நுனியில் பட்டுத் தெறித்தது. இரண்டாவதும் இடது பக்கம். "ரெண்டும் நேரான கை. உன் பத்து அங்குலக் கை. இப்ப இந்தப் பக்கம் பாரு." வலது கைக்கு வந்த பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினான். மழையில் ஒன்று, இரண்டு பேர் மேலே விழும்போது ஒன்று, ஒற்றைக் கையால் தலைக்குப் பின்னால் ஒன்று. ஒவ்வொன்றிலும் மடங்கிய சுண்டுவிரல் பந்தின் அடியில் போய்ப் பூட்டிக்கொண்டது. பூட்டிய பிறகு பந்து அசையவில்லை.

"கொக்கிடி அது" என்றான் ரூபன். "நாம கொக்கியைப் போயி நீட்டி அளந்திருக்கோம்."

நாம் என்று சொன்னது அவன் பெரிய மனசு. அளந்தது நான் ஒருத்திதான். எனக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் ஆத்திரமும் வந்தது. அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தேன்.

"என்ன சுத்து ஓடுது?" என்றான்.

அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறாம் சுற்று. இரண்டு பேரும் நடைவழியில் ஓடினோம். நாற்பத்தெட்டு வயதில் நான் அப்படி ஓடுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

எங்கள் முறைக்கு இன்னும் இரண்டு அணிதான் இருந்தது. ரூபன் நேராகப் போய், எங்கள் ஆட்களாகிவிட்டவர்களின் பலகையில் இருந்த ஜலானி அட்டையிலிருந்து தன் சிவப்புப் பொட்டைப் பிடுங்கினான். பெரிய சுவருக்கு வந்து, வேட் அட்டையில் என் சிவப்புக்குப் பக்கத்தில் அதை ஒட்டினான். கறுப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

"அதெப்படி? ஒரு தடவை வெச்ச பொட்டை எடுத்து இன்னொருத்தனுக்கு வெக்கறதா?" என்றார் கிழக்குப் பகுதியைப் பார்க்கிற ஒரு பெரியவர்.

"வருஷத்துக்கு ஒரு பொட்டுன்னுதானே இருக்கு? இப்பவும் ஒண்ணுதான் வெச்சிருக்கேன். என் பையன் கரையேறிட்டான், அவனுக்கு இனிமே பொட்டு எதுக்கு?" என்றான் ரூபன்.

எல்லாரும் பிளெட்சோவைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார். "எடுக்கக் கூடாதுன்னு நான் எங்கேயும் எழுதி வெக்கலை. இப்பச் சட்டையை மாத்தாம சொல்லு, ரூபன். ஏன்?"

ரூபன் சொன்னான். அம்பத்தெட்டு பந்து, இரண்டு தவறு, இரண்டும் நேரான கையில். வெண்டல் எழுந்தே நின்றுவிட்டார். பிளெட்சோ மட்டும் அசையவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் அந்த ஜனவரி ஆட்டத்தில் நான் அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். கை என்ற பேச்சு வந்தாலே அவருக்கு அது திரும்ப ஓடும்.

எங்கள் முறை வந்தது. பெயர் சொல்ல ஐந்து நிமிஷம்.

"பையனுக்குப் போனைப் போடு" என்றார். பையனின் குரலைக் கேட்காமல் அவர் யாரையும் எடுக்க மாட்டார். ஒருமுறை, முந்தின நாள்தான் கால் உடைத்துக்கொண்டவனை எடுத்துவிட்டு முழித்திருக்கிறார். அன்றிலிருந்து, பையன் பேச வேண்டும், அப்புறம்தான் பெயர் போகும்.

போட்டேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. நான்கு நிமிஷம் மூன்று நிமிஷமாகியது.

"அம்மா நம்பர் இல்லையா?" என்றான் ரூபன்.

இருந்தது. மார்லிஸ் ஹால்வர்சன். மூன்றாவது மணியில் எடுத்தாள். பின்னால் ஒரு மாடு அடித்தொண்டையில் கத்தியது. பிளெட்சோ கையை நீட்டி ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினார்.

"மார்லிஸ், நான் லோர்னா, டொலீடோல இருந்து. வேட் எங்க?"

"இங்கதான் இருக்கான். பேச முடியாதும்மா. கன்னுக்குட்டி பாதி வெளிய வந்து மாட்டிக்கிச்சு."

"அவன் காதுல வைங்க போனை. நேரம் இல்லை."

வைக்கோல் மிதிபடும் சத்தம். மூச்சு வாங்கும் சத்தம். "மேடம், ஒரே ஒரு நிமிஷம்" என்றான் வேட்.

"நிமிஷம் இல்லைப்பா. ரெண்டுதான் பாக்கி, ரெண்டும் என்னுது" என்றார் பிளெட்சோ. "நான் எமரி பிளெட்சோ. என்ன பண்ணிக்கிட்டிருக்க?"

"கன்னோட முன்னங்காலைப் பிடிச்சு இழுத்துக்கிட்டிருக்கேன் சார். சங்கிலி மாட்ட நேரமில்லை. விட்டா உள்ள போயிடும், மூச்சு நின்னுடும்."

"வழுக்கலையா?"

"எண்ணெய் தடவின மாதிரி இருக்கு சார்."

"எந்தக் கையால பிடிச்சிருக்க?"

"வலது கையால." ஒரு முக்கல். "இடது கைன்னா நழுவிடும் சார். இந்தக் கையில ஒரு தடவை பிடிச்சா நழுவாது."

பிளெட்சோ என்னைப் பார்த்தார். அப்புறம் ரூபனைப் பார்த்தார். சுவருக்கு நடந்து போய், வேட் அட்டையிலிருந்த கறுப்புப் பொட்டைத் தன் கையாலேயே எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பேரை அனுப்புங்க" என்றார்.

ரூபன் என்னைத் தூக்கிவிட்டான். வெண்டல் மேசையில் குத்தினார், ஊறுகாய்த் தட்டு கீழே விழுந்தது. நான் அழுதேன், கூச்சமே இல்லாமல். அத்தனை கூச்சலுக்கும் நடுவில் போனில், "வந்துட்டுது, வந்துட்டுது, மூச்சு விடுது" என்று மார்லிஸ் கத்துவது கேட்டது. அவள் சொன்னது கன்றைப் பற்றி. அவர்களுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

"வேட்" என்றேன். "உன் பேரை அனுப்பியாச்சு. டொலீடோ. ஆறாம் சுத்து."

அவன் யாரிடமோ, "அப்பா, கூப்பிட்டுட்டாங்க" என்று சொன்னான். ஊன்றுகோல் தரையில் தட்டிக்கொண்டு கிட்டே வந்தது. கரகரத்த குரல் ஒன்று, "கன்னை எங்கிட்ட விடு. நான் தொடச்சுக்கறேன். போயி ஒழுங்கா நின்னு பேசு" என்றது.

வேட் மறுபடி போனுக்கு வந்தபோது குரல் உடைந்திருந்தது. "மேடம், என் கை சின்னதுன்னு எல்லா அணியும் சொல்லிட்டாங்களே."

"சின்னதுதான்" என்றேன். "எட்டே முக்கால். அளந்தவ நான், ஒரு நூல்கூட மாத்தி எழுத மாட்டேன். கையைக் கழுவிக்கிட்டுக் கிளம்பி வா."